மாப்பிள்ளைக்குப் பல்செட் தயார்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் இதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். பெரியப்பா சொல்வதில் அவரே வருவதில்லை.

1. திருச்செங்கோட்டில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் எங்கள் டாக்டர் அத்தைக்கு, பழைய டேட்டாபேஸில் இருந்த நோயாளிகள் விவரத்தைப் புதிய டேட்டாபேஸுக்கு மாற்றிக் கொடுத்தேன்.
2. மாற்றி முடித்ததும் 'பிழைகள்: 0' என்று திரையில் வந்தது. அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன்.
3. அதே நாள் காலை எங்கள் வீட்டில் அக்காவுக்கு உப்பு சர்க்கரை, அதாவது கல்யாணப் பேச்சை உறுதி செய்யும் சடங்கு.
4. உப்பும் சர்க்கரையும் மாற்றுவதற்குச் சற்று முன்னால், மாப்பிள்ளைக்கு மேல்தாடை, கீழ்த்தாடை முழுவதற்கும் பல்செட் தயாராகிவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது.
5. மாப்பிள்ளைக்கு வயது இருபத்தெட்டு. பற்கள் அத்தனையும் அவருடையவை.
6. ஐந்தாவது விஷயத்தை எங்கள் பக்கத்தில் ஒருவரும் நம்பவில்லை.

இனி விவரம்.

அப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. உலகத்துத் துன்பங்கள் யாவும் யாரோ அட்டவணையைச் சரியாகப் போடாததால் வருபவை என்று உறுதியாக நம்பினேன். வீட்டு மளிகை டப்பாக்களுக்கு நம்பர் ஒட்டியிருந்தேன். (அம்மா கடுகு கேட்டால், "ஏழுல பாருங்க" என்பேன். அம்மா ஏழில் பார்க்காமல் கடுகு இருக்கும் இடத்தில் பார்த்து எடுத்துக்கொள்வார்.) அப்படிப்பட்டவளிடம் டாக்டர் அத்தை வந்து, பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிறது, எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றித் தர முடியுமா கண்ணு என்று கேட்டால் என்ன ஆகும்? அத்தை அப்பாவுக்குப் பெரியம்மா மகள். முடியாது என்று சொல்லக்கூடிய உறவு அல்ல. எனக்குச் சொல்கிற எண்ணமும் இல்லை.

இரண்டு டேட்டாபேஸுக்கும் குணம் வேறு. பழையது கல்யாணப் பந்தி மாதிரி. வந்தவர்களை எல்லாம் உட்கார வைக்கும், யார் எவர் என்று கேட்காது. புதியது லேடீஸ் ஹாஸ்டல் வார்டன். ஒரு ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு பெயருக்கு ஒரு கையெழுத்து. பழையதில் ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு வரி போட்டிருந்தார்கள். எங்கள் ஜனங்களோ ஆஸ்பத்திரி அட்டையைப் பஸ் டிக்கெட் மாதிரி வைத்துக்கொள்கிறவர்கள். ஊர் போய்ச் சேர்வதற்குள் தொலைந்துவிடும். அடுத்த முறை வரும்போது புது அட்டை, புது வரி. சொத்தைப் பல் வைத்தியத்துக்கு நாலு தடவை வந்த ஒரு அம்மா, பழைய டேட்டாபேஸில் நாலு அம்மாவாக இருந்தார். புதிய டேட்டாபேஸ் அவரை ஒரே அம்மாவாகத்தான் உள்ளே விடும்.

போதாததற்கு, பழையதில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் அந்தக் காலத்து எழுத்துரு ஒன்றில் இருந்தன. புதியதில் திறந்தால் வெறும் கோடும் கொம்புமாகத் தெரிந்தது. என் கவனம் முழுவதையும் அதில்தான் செலவழித்தேன். ஒரு புள்ளி சிதறாமல் பழனியப்பனைப் பழனியப்பனாகவும் பாவாயியைப் பாவாயியாகவும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எழுத்துக்கு மூன்று வாரம் செலவழித்தவள், ஆட்களை அடையாளம் பார்க்க ஒரே ஒரு வரி நிரல் எழுதினேன். அந்த ஒரு வரியின் சாரம் இது: பெயர், தந்தை பெயர், ஊர், போன் நம்பர் ஆகிய நான்கு கட்டமும் ஒத்துப்போனால் இருவரும் ஒருவரே. வயது மட்டும் முரண்பட்டால் கடைசி அட்டையில் இருப்பதை எடுத்துக்கொள். வைத்தியங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிடு. எதுவும் விட்டுப்போகக் கூடாது.

அந்த வரியை எழுதிவிட்டு ஒரு டீ குடித்தேன். நல்ல டீ.

இன்னொரு கட்டமும் இருந்தது. 'கொடுத்தாயிற்றா' என்ற கட்டம். பழைய டேட்டாபேஸில் அதை யாருமே நிரப்பியதில்லை. பல்செட்டைக் கையில் கொடுத்த பிறகு அதைக் கம்ப்யூட்டரிடம் வேறு எதற்குச் சொல்ல வேண்டும்? காலியாக இருந்ததைப் பற்றிப் பழையது கவலைப்படவில்லை. புதியதன் அகராதியில், காலி என்றால் இன்னும் கொடுக்கவில்லை.

இப்போது உப்பு சர்க்கரைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் பெண் பார்த்து, ஜாதகம் பொருந்தி, இரண்டு வீட்டிலும் சாப்பிட்டாலும் பேச்சு உறுதியாகிவிட்டதாக அர்த்தமில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால்தான் உறுதி. அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை யார் வேண்டுமானாலும் எழுந்து போகலாம். போனால், பெண்ணின் பெயரோடு ஒரு "ஏனாம்?" ஒட்டிக்கொள்ளும். என் அக்கா நந்தினிக்கு அது ஏற்கனவே ஒருமுறை ஒட்டியிருந்தது. பெங்களூர் வேலையை விடமாட்டேன் என்று அவள் சொன்னதற்காக முதல் இடத்தார் எழுந்து போனார்கள். எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டியில் அதற்கு வேறு மூன்று காரணங்கள் உலவின. மூன்றும் அவள் நடத்தை சம்பந்தப்பட்டவை. இரண்டாவது இடமும் எழுந்து போனால் மூன்றாவது இடம் வாசல் ஏறாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியம், அக்காவுக்கு இந்தப் பையனைப் பிடித்திருந்தது. போனில் பேசும்போது சுவரைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு.

பையன் பெயர் ஹரி. திருச்செங்கோடு பக்கம், போர்வெல் தோண்டும் ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம். அவருக்கும் பெங்களூரில்தான் வேலை.

டாக்டர் அத்தை நல்ல நேரத்தை மிகவும் நம்புகிறவர். (ராகு காலத்தில் பல் பிடுங்க மாட்டார். வலியோடு வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அது முடியும்வரை வெளியே உட்கார்ந்திருப்பார்கள்.) புதிய டேட்டாபேஸை வளர்பிறை முகூர்த்த நாளில், பத்தரை மணிக்கு மேல்தான் ஓட விடவேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டு உப்பு சர்க்கரைக்கும் அதே நாள், அதே நேரம். எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒரே காலண்டர்தானே தொங்குகிறது. ஆகவே நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, சாமான் அறையில் அரிசி டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்து, பத்தரை அடித்ததும் பொத்தானை அழுத்தினேன். 'நிலுவையில் உள்ளவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பவா?' என்று ஒரு கேள்வி வந்தது. ஏற்கனவே டிக் போட்டே இருந்தது. மென்பொருளைச் செய்தவர்களுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். ஒரே நேரத்தில் அனுப்பினால் அடைத்துக்கொள்ளும் என்று, அகர வரிசைப்படி, விட்டு விட்டு அனுப்பும் ஏற்பாடு அது.

கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் ஹரி. நல்ல சிரிப்பு. சிரிப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கம் ஆயிரம் அடிக்குக் கீழேயிருந்து வரும் போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் பல்லில் காபி சிந்தின மாதிரி ஒரு கறை நிற்கும். எனக்கு இருக்கிறது, அக்காவுக்கு இருக்கிறது, அந்த ஆயிரம் அடியைத் தோண்டிக் கொடுத்தே பிழைக்கும் ஹரியின் அப்பாவுக்கும் இருந்தது. ஹரிக்கு மட்டும் இல்லை. பளீரென்று, கடையில் அடுக்கி வைத்த மாதிரி இருந்தன. எங்கள் பெரியம்மா அதை முன்பே கவனித்துவைத்திருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது.

ஹரியின் அப்பா பக்கத்தில் எங்கள் பெரியப்பா. மேட்டூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷிப்டு உத்தரவுகளை மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் படித்துப் பழகிய தொண்டை. கல்யாணப் பத்திரிகையைக்கூட மனதுக்குள் படிக்கமாட்டார்.

தட்டுகள் வந்தன. ஒன்றில் உப்பு, ஒன்றில் சர்க்கரை. அந்த நேரம் பார்த்து ஹரியின் அப்பாவுடைய போன் 'டிங்' என்றது. அவருடைய வண்டி ஒன்று வடக்கே எங்கோ நின்றுபோய், டிரைவரிடமிருந்து தகவல் வரவேண்டியிருந்தது. கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். போனைப் பெரியப்பாவிடம் நீட்டி, என்னவென்று கொஞ்சம் பாருங்கள் என்றார்.

பெரியப்பா பார்த்தார். படித்தார்.

"'வணக்கம் திரு ப. அர்த்தநாரி, வயது இருபத்தெட்டு. தங்கள் மேல்தாடை மற்றும் கீழ்த்தாடை முழு பல்செட் தயாராக உள்ளது. அளவு சரிபார்க்க நேரில் வரவும். புன்னகையுடன் வாழ்க.'"

(கடைசி வரி அத்தையின் சொந்தக் கற்பனை.)

பெரியப்பா இன்னொரு முறை படித்தார். இந்த முறை வயதை அழுத்திப் படித்தார். ஜாதகத்தில் பையன் பெயர் அர்த்தநாரி என்பது பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும் என்றாலும் ஹரி என்றே கேட்டுப் பழகியதால், டேட்டாபேஸில் அந்தப் பெயரைக் கடந்து போனபோது மூளையில் மணி அடிக்கவில்லை. ஹரியின் அம்மா தன் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டார். அதனால் வீட்டில் ஹரி.

மாமனார் பெயர். எனக்கு அங்கேதான் மணி அடித்தது.

எங்கள் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். ஹரியின் தாத்தா அர்த்தநாரி, அவர் அப்பா பழனியப்பன். அர்த்தநாரியின் மகன் பழனியப்பன். அவர்தான் இப்போது போனை நீட்டியவர். அந்தப் பழனியப்பன் மகன் மறுபடியும் அர்த்தநாரி. ஆக, தாத்தாவும் ப. அர்த்தநாரி, பேரனும் ப. அர்த்தநாரி. இருவருக்கும் தந்தை பெயர் பழனியப்பன். ஊர் ஒன்று. போன் நம்பரோ, நடுவில் உள்ள பழனியப்பனுடைய ஒரே நம்பர். நான்கு கட்டமும் கச்சிதம். பேரனின் வயதையும் தாத்தாவின் பல்செட்டையும் சேர்த்து நான் ஒரு புதிய மனிதரை உண்டாக்கியிருந்தேன்.

இந்த வழக்கம் தெரியாதவள் அல்ல நான். பொங்கலுக்கு ஒரு பெயரைக் கூப்பிட்டால் இரண்டு தலை திரும்பும் வீட்டில் வளர்ந்தவள். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் எனக்கு ஊரும் கிடையாது, உறவும் கிடையாது. படித்த படிப்பு அப்படி.

ஹரியின் அப்பா நிதானமாகத்தான் ஆரம்பித்தார். "அது எங்கய்யனுதுங்க. எங்கய்யம் பேரும் அர்த்தநாரிதான். அவரு போயி வருசமாச்சு."

"போனவருக்கு இப்ப எதுக்குங்க பல்செட்டு?" என்றார் பெரியப்பா.

"அதாங்க எனக்கும் தெரீல. அவர எடுக்கறப்ப அந்தச் செட்ட மாட்டியுட்டுத்தான் எடுத்தோம்."

நேர்மையான மனிதர். ஆனால் அந்த இடத்தில் அந்தத் தகவல் உதவவில்லை. தாத்தாவின் செட் தாத்தாவோடு போய்விட்டது என்றால், இப்போது தயாராக இருக்கும் செட் யாருடையது? கூட்டம் மொத்தமும் கணக்குப் போட்டு முடித்து ஹரியின் வாயைப் பார்த்தது. ஹரி வாயை மூடிக்கொண்டார். அதுவும் உதவவில்லை.

பெரியம்மா பக்கத்திலிருந்து முணுமுணுப்பு கிளம்பியது. அவர் முதல் நாளே சந்தேகப்பட்டாராம், நம் தண்ணீரில் அப்படி ஒரு வெள்ளை வராதாம். ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டக் குனிந்த மாப்பிள்ளையின் முடி தனியாக வந்த கதையை இன்னொரு சித்தி எடுத்தார். இருபத்தெட்டு வயதில் பல் மொத்தமும் போகவேண்டும் என்றால் உள்ளே என்ன வியாதியோ என்று மூன்றாவது குரல். கதை வளர்ந்த வேகத்துக்கு என் டேட்டாபேஸ் எல்லாம் ஈடாகாது.

அப்புறம்தான் டாக்டர் அத்தை அங்கேயே உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. பெரியப்பா நேராகக் கேட்டார். டாக்டர் நீங்களே சொல்லிவிடுங்கள், இந்தப் பையன் உங்களிடம் வந்திருக்கிறாரா, இல்லையா?

அத்தை முதுகை நிமிர்த்திக்கொண்டு, "பேஷண்ட் விவரத்த வெளிய சொல்லக் கூடாதுங்க" என்றார்.

டாக்டருக்கு அழகான பதில். அதைவிட அழகாக ஒரு கல்யாணத்தை முறிக்க முடியாது. சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஊசி போடாமல் பல் பிடுங்குகிற பார்வை.

பெரியப்பா விடவில்லை. பலகாரத் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து ஹரியிடம் நீட்டி, எங்க ஊர் முறுக்கு, சும்மா சாப்பிடுங்க மாப்ளை என்றார். எங்கள் ஊர் முறுக்கின் கெட்டித்தனம் தெரிந்தவர்களுக்கு அதில் 'சும்மா' எதுவும் இல்லை என்று தெரியும். ஹரி வாங்கிக் கடித்தார். கூடம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்ததால் அந்த நொறுங்கல் சமையலறைவரை கேட்டிருக்கும். மென்றார். விழுங்கினார். இன்னொன்றும் எடுத்துக் கடித்தார், பாவம், யாரும் கேட்காமலே. பெரியப்பா திருப்தியில்லாமல் தலையை ஆட்டி, இப்போதெல்லாம் செட்டு போட்டுக்கொண்டே கரும்பு கடிக்கிறார்கள், டெக்னாலஜி எங்கேயோ போய்விட்டது என்றார்.

உள்ளே போனேன். அக்கா அலங்காரத்தோடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. விஷயத்தை வேகமாகச் சொன்னேன்: நான்தான், என் ஒரு வரிதான், தாத்தாவையும் பேரனையும் சேர்த்துவிட்டேன்.

"அப்ப போயிச் சொல்லு" என்றாள். "அவங்க எந்திரிச்சுப் போனாங்கன்னா அந்த அரிசி டிரம்முக்குள்ள உன்னையப் போட்டு மூடிருவேன்."

போய்ச் சொன்னேன். இங்கேதான் இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது. நடந்தது என் தவறு, மன்னித்துவிடுங்கள், இது உங்கள் அப்பாவின் பழைய விவரம் என்று மூன்று சிறிய வாக்கியம் போதும். நான் கூடத்தின் நடுவில் நின்று, பட்டுப் புடவையில், விரல் விட்டு எண்ணிக்கொண்டு விளக்கினேன். முதலாவது, பழைய டேட்டாபேஸில் ஆளுக்கு அடையாள எண் இல்லை. இரண்டாவது, புதியதில் அது கட்டாயம். மூன்றாவது, அதனால் நான்கு கட்டங்களை ஒப்பிட்டேன். நான்காவது, அதன்படி இறந்துபோனவரும் மாப்பிள்ளையும் ஒரே ஆள்.

"ஒரே ஆள்" என்றதும் ஹரியின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் உயிரோடு இருக்கும் பிள்ளையைப் போனவரோடு சேர்த்து வைத்துப் பேசுகிறாளே என்று. துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அழுத கண்ணில் திடீரென்று வேறு ஒரு வெளிச்சம் வந்தது.

"ஏம்மணி, அப்ப எம்பையன் ஆசுபத்திரி விவரம் பூரா உன்ற கையிலதான் இருந்துச்சா? அதப் பாத்துப்போட்டுத்தான் பேச்சு முடிச்சீங்களாக்கு?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அவர்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அந்த ஒரு விநாடியில் தோன்றிவிட்டது. பெண் வீட்டார் சொந்தக்கார டாக்டரை வைத்து, கம்ப்யூட்டர் படித்த பெண்ணை வைத்து, பையனின் வாய்க்குள் புகுந்து விசாரித்திருக்கிறார்கள். இதுவரை எங்கள் பக்கம் மட்டும் முறைத்துக்கொண்டிருந்தது. என் விளக்கத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் சமமாக முறைத்தன. ஹரியின் அப்பா மடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். துண்டு தோளுக்குப் போனால் அடுத்து ஆள் எழுந்திருப்பார். எங்கள் அப்பா உப்புத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அம்மாவிடம் ஓடிப்போய், எல்லோருக்கும் இன்னொரு சுற்றுக் காபி கொடுக்கச் சொன்னேன், நல்ல சூடாக. கையில் சூடான டம்ளரோடு யாராலும் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது. அன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

பிறகு சாமான் அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தேன். செய்திகள் ஓடிக்கொண்டிருந்தன. உயிரெழுத்துகள் முடிந்து, வரிசை 'க'வுக்கு வந்திருந்தது. கந்தசாமி, கருப்பண்ணன், காளியப்பன். எத்தனை தாத்தாக்கள் எத்தனை பேரன்களோடு சேர்ந்து போனார்களோ. 'நிறுத்து' என்ற பொத்தான் சிவப்பாக, பெரிதாக, கண்ணுக்கு எதிரே இருந்தது. அழுத்தத்தான் கையைக் கொண்டுபோனேன்.

அப்போது பெரியப்பாவின் ஞாபகம் வந்தது.

பெரியப்பா பெயர் முத்துசாமி. எங்கள் தாத்தா பெயர் கந்தசாமி. பெரியப்பாவின் மகனுக்குத் தாத்தா பெயர் வைத்துக் கந்தசாமி. அந்தக் கந்தசாமி அண்ணன் மகனுக்கு மறுபடியும் முத்துசாமி. அந்தக் குட்டி முத்துசாமி ஏழாம் வகுப்பு. பல் நேராவதற்குக் கிளிப் போட்டிருக்கிறான். அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வருகிறவர் பெரியப்பா; கொடுத்த நம்பரும் பெரியப்பாவுடையது. தேடிப் பார்த்தேன். பெரியப்பாவுக்கும் அவனுக்கும் சேர்த்து ஒரே வரி. க. முத்துசாமி, வயது 12.

நிறுத்தினால், கூடத்தில் இருப்பது என் விளக்கம் மட்டும்தான். அதன் லட்சணத்தை ஏற்கனவே பார்த்தாயிற்று. நிறுத்தாமல் விட்டால் க, ச, த, ந, ப எல்லாம் தாண்டி ம வரும், முத்துசாமி வருவார். நடுவில் உள்ள எழுத்துக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு 'டிங்' கேட்கும். யார் வீட்டில் யார் போனார்களோ, யார் வீட்டில் என்ன நல்ல காரியமோ. கையை எடுத்துக்கொண்டேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எழுத்துகள் போவதைப் பார்த்தேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை என்பது அரிசி டிரம்மின் முன்னால்தான் எனக்குத் தெரிந்தது.

மாரிமுத்து. மாரியம்மாள். கூடத்துக்கு ஓடினேன். காபி டம்ளர்கள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தன. ஹரியின் அப்பா தன்னுடையதைக் கீழே வைத்துவிட்டார்.

'டிங்'.

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வழக்கப்படி, புரிவதற்கு முன்னாலேயே வாய் படிக்கத் தொடங்கிவிட்டது.

"'வணக்கம் செல்வன் க. முத்துசாமி, வயது பன்னிரண்டு. தங்கள் பல் கிளிப் இறுக்கும் நாள் நெருங்கிவிட்டது. கமர்கட், சூயிங்கம் தவிர்க்கவும். பெற்றோருடன் வரவும். புன்னகையுடன்...'"

'வாழ்க' வரவில்லை. அறுபது வயதுக்கு மேல் ஆன, மீசை வைத்த செல்வன் முத்துசாமி, போனைக் கவிழ்த்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.

முதலில் சிரித்தது யாரென்று இன்றுவரை தகராறு. அக்கா உள்ளேயிருந்து சிரித்தாள் என்று நான் சொல்வேன். கூடம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஹரியின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, பெரியப்பா பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"ஒண்ணும் அவசரமில்லீங்க. உங்களுக்குப் பல்லு நேரானதும் சொல்லியுடுங்க. பொறவு உப்பு சக்கரை மாத்திக்கலாம்."

பெரியப்பாதான் உப்புத் தட்டை எடுத்து முதலில் நீட்டினார். ஹரியின் அப்பா சர்க்கரைத் தட்டை நீட்டினார்; பேச்சு உறுதி.

நான் சாமான் அறைக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். ரங்கசாமி முதல் வேலாயிவரை தப்பித்தார்கள்.

தப்பிக்காதவர்களுக்கு நான் பதில் சொல்லவேண்டியிருந்தது. அத்தை கம்பெனிக்கு லீவு போட வைத்து, என்னை ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார வைத்துவிட்டார். மாற்றுவதற்கு முன் எடுத்துவைத்த பிரதியைக் கொண்டு சேர்ந்துபோனவர்களைப் பிரிப்பது ஒரு பக்கம், நேரில் வருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்பது இன்னொரு பக்கம். பால் பல்லுக்குப் பூச்சு வைக்கச் சொல்லி வந்திருக்கிறதே என்று ஒரு தாத்தா பொக்கை வாயைத் திறந்து காட்டினார். வந்தது வந்தோம், இலவசமாக ஏதாவது செய்து விடுங்கள் என்றார்கள் சிலர். ராசிபுரத்திலிருந்து ஒரு அம்மா போனில் பேசினார். இறந்துபோன கணவர் பெயருக்குச் செய்தி வந்திருந்தது. தவறுதலாக வந்துவிட்டது, அழித்துவிடுங்கள் என்றேன். "இருந்துட்டுப் போவுது சாமி. பேரு போட்டு ஆரு அனுப்புறா இப்பெல்லாம்" என்றார். அதற்கு என்னிடம் எந்தக் கட்டமும் இல்லை.

ஒரு நாள் மத்தியானம், கூட்டம் குறைந்த பிறகு, அத்தை கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். எந்த எழுத்து போகும்போது நீ லேப்டாப்பைத் திறந்து பார்த்தாய்?

'க' என்றேன்.

"க-வுல இருந்து ம வரைக்கும்" என்றார் அத்தை. அவ்வளவுதான். அந்த மாதம் முழுக்க என்னிடம் வேறு ஒன்றும் பேசவில்லை. ஒருவர் மௌனமாக இருக்கும்போது மெய்யெழுத்து வரிசை மனதுக்குள் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தியில் ஹரிக்கு எதிரே யாரோ ஒரு சித்தப்பா அப்பளத்தை நகர்த்தி வைத்து, முடியுமா மாப்ளை என்று கேட்டார். குடும்பத்தில் ஹரியின் பெயர் இன்றும் பல்செட்டு மாப்பிள்ளைதான். அவர் அதற்குத் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டார். பெரியப்பா எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் அவர் கையில் கமர்கட் வைக்கிறார்கள். போனில் வருவதை இப்போது மனதுக்குள்தான் படிக்கிறார். நான் செய்த ஒரே புண்ணியம் இது என்று பெரியம்மாவுக்கு அபிப்பிராயம். ஹரியின் பல் ஏன் அவ்வளவு வெள்ளை என்பது எனக்குத் தெரியும். பழைய டேட்டாபேஸில், பெண் பார்க்க வந்ததற்கு முந்தின வாரத்துத் தேதியில், காரணம் இருக்கிறது. அதை நான் எழுத முடியாது; பேஷண்ட் விவரம்.

போன வருடம் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் நாளில் இரண்டு குடும்பமும் அதே கூடத்தில் உட்கார்ந்தோம். முறைப்படி குழந்தை அ. பழனியப்பன், தந்தை பெயர் அர்த்தநாரி. அவன் தாத்தாவும் அ. பழனியப்பன், தந்தை பெயர் அர்த்தநாரி. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"என்னம்மணி, வெக்கலாமா?" என்றார் ஹரியின் அப்பா. "இல்ல, என்னையும் இவனையும் ஒண்ணாச் சேத்துப்போடுவியா?"

பிறந்த தேதியும் ஒத்துப்போனால்தான் சேர்க்கும்படி மாற்றிவிட்டேன், தைரியமாக வையுங்கள் மாமா என்றேன். நம்பவில்லை. ஆனாலும் வைத்தார்கள்.

இன்றைய நிலவரம்: பையனுக்கு ஏழு மாதம். அத்தையின் ஆஸ்பத்திரியில் இன்னும் அட்டை போடவில்லை. பல் முளைக்கவில்லை.